ரயில் வராத ஊரில் ரயில் கம்பெனி நடத்த அக்காவின் டிப்ஸ்

முதல்ல அந்தச் சீலிங் ஃபேனை நிறுத்து. வெயில் தாங்காதுன்னா டேபிள் ஃபேனை எடுத்துட்டு வந்து முகத்துக்கு மட்டும் காத்து படுற மாதிரி வை. இந்த விளையாட்டுல பங்குச் சீட்டு, பணம், ரயில் சீட்டு எல்லாமே காகிதம். ஒரு காத்து அடிச்சுதுன்னா எந்தக் கம்பெனியில யாருக்கு எத்தனை பங்குன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. அப்புறம் நடக்கிறது விளையாட்டு இல்ல, பங்காளிச் சண்டை.

நான் சொல்றது 1830ங்கிற ரயில் கம்பெனி விளையாட்டைப் பத்தி. பிரான்சிஸ் ட்ரெஷாம்னு ஒரு இங்கிலாந்துக்காரர் உருவாக்கினது. 1986ல அவலான் ஹில் கம்பெனி வெளியிட்டுச்சு. அவரே 1974ல கொண்டுவந்த 1829தான் இந்த வகைக்கெல்லாம் மூத்தது. 1830ல அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கத்து வரைபடம் இருக்கும், எட்டு ரயில் கம்பெனி இருக்கும். பங்கு வாங்கணும், தண்டவாளம் போடணும், ரயில் ஓட்டணும், கடைசியில யார்கிட்ட அதிகப் பணமோ அவங்க ஜெயிச்சாங்க. தாயம் உருட்டி ஊர் வாங்குற டிரேட் ஆடி வளர்ந்த பிள்ளைங்க ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும்: இங்க உருட்டுறதுக்குத் தாயக்கட்டையே கிடையாது. அதிர்ஷ்டத்தைத் திட்ட வழியில்ல. தோத்தா, நீயாத்தான் தோத்திருப்பே.

செட்டிகுளத்துல உட்கார்ந்துக்கிட்டு ரயில் கம்பெனியான்னு சிரிக்காதே. நம்ம பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கே ரயில் கிடையாது. நமக்கு ரயில்னா அரியலூர் போகணும், இல்லாட்டி திருச்சி போகணும். அரியலூர்–பெரம்பலூர்–நாமக்கல் பாதை வேணும்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். அது வரும்போது வரட்டும். நீ கூடத்துல பாயை விரி, சொல்றேன்.

1. உட்காரும் முன்னாடி

- மூணு பேர், இல்லாட்டி நாலு பேர். ஆறு பேர் சேர்ந்தா உன் முறை வர்றதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடும்.
- முழு ஆட்டத்துக்கு அஞ்சாறு மணி நேரம் பிடிக்கும். குழம்பை வச்சு இறக்கிட்டு, காலையிலேயே உட்காரு. மத்தியானம் சாப்பிட்டு ஆரம்பிச்சா பாதியில யாராவது தூங்குவாங்க.
- நேரம் இல்லையா? வங்கியில 12,000 டாலர் வைக்கணும்கிறது விதி. அது தீர்ந்தா ஆட்டம் முடியுது. நான் 8,000 வச்சு ஆரம்பிப்பேன், சீக்கிரம் முடிஞ்சிடும். இது என் வீட்டு ஏற்பாடு, பெட்டியில இருக்கிற விதி இல்ல. அதனால ஆரம்பத்துலயே எல்லாரையும் ஒத்துக்க வை. நடுவுல மாத்தாதே.
- தாள் பணத்தை எண்ணி எண்ணி விரலைத் தேய்க்காதே. பிளாஸ்டிக் காயின் வாங்கி வச்சுக்கோ.
- ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு வருமானம்னு ஒரு நோட்டுல எழுது. தண்டவாளம் மாறினா, புது ரயில் வந்தா மட்டும் திரும்ப எண்ணு. பாதி நேரத்தை விழுங்குறது இந்த எண்ணுற வேலைதான்.
- வங்கியைக் கணக்கு சுத்தமா இருக்கிற ஆள்கிட்ட கொடு. பெரியவராச்சேன்னு மரியாதைக்காக மாமாகிட்ட கொடுக்காதே. அவருக்கு நல்ல நாற்காலி கொடு, அது போதும்.

2. கல்லா வேற, பர்ஸ் வேற

மத்ததையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. கம்பெனிக்குத் தலைவரா ஆயிட்டே, சரி. அந்தக் கம்பெனி கல்லாவுல இருக்கிற பணம் உன் பணம் இல்ல. ஆட்டம் முடியும்போது எண்ணுறது உன் பர்ஸ்ல இருக்கிற பணத்தையும், உன் கையில இருக்கிற பங்கோட சந்தை விலையையும்தான். கல்லாவுல ஆயிரம் கிடந்தாலும் அது கணக்குல வராது.

அதனால ரெண்டு கிண்ணம் எடுத்து வை. எவர்சில்வர் கிண்ணம் கம்பெனிக்கு, பிளாஸ்டிக் டப்பா உனக்கு. ரெண்டு கம்பெனி நடத்தினா மூணு பாத்திரம். புதுசா ஆடுறவங்க எல்லாரும் ஒரே குவியலா வச்சுக்கிட்டு, "இது கம்பெனிதா என்னுதா"ன்னு முழிப்பாங்க. நம்மூர் ஏகாம்பரேஸ்வரர் கோயில்ல குபேரனைக் கும்பிட்டுட்டே வந்து உட்காரு, வேண்டாங்கல. ஆனா குபேரனும் வரவைத் தனித்தனியாத்தான் எழுதி வச்சிருப்பார்.

இனி நான் சொல்லப்போறது எல்லாத்துக்கும் உள்ள இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் பணம் கல்லாவுல இருந்து பர்ஸுக்கு எப்ப, எப்படி வரும்?

3. சின்னக் கம்பெனி ஏலம்

ஆட்டம் ஏலத்துல தொடங்கும். அந்த எட்டு பெரிய ரயில் கம்பெனி போக, ஆறு சின்னக் கம்பெனி இருக்கு. விலை 20ல இருந்து 220 வரைக்கும். வாங்கினா, தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டுற ஒவ்வொரு ரயில் சுற்றுக்கும் உன் பர்ஸுக்கே கொஞ்சம் வரும். 160 விலையுள்ள கேம்டன் அண்ட் ஆம்பாய் சுற்றுக்கு 25 தரும், கூடவே பென்சில்வேனியா ரயில்வேயோட ஒரு பங்கும் இலவசம். நல்ல சரக்கு. அதுக்காக ஏலத்துல வீறாப்புக்கு ஏத்திக்கிட்டே போகாதே. நாலு பேர் ஆட்டத்துல ஆளுக்கு 600தான். ஏலத்துலயே கரைச்சுட்டா பெரிய கம்பெனி தொடங்கக் கையில ஒண்ணும் இருக்காது.

இப்ப குறுக்குவழி. முதல் 3-ரயில் (மூணு ஊர் ஓடுற ரயில்) விற்றதும், பெரிய கம்பெனி தன் கல்லாப் பணத்துல சின்னக் கம்பெனியை வாங்கலாம். குறிச்ச விலைக்குப் பாதியில இருந்து இரு மடங்கு வரைக்கும் எதுவும் கொடுக்கலாம். நீ தலைவரா இருக்கிற கம்பெனி, நீ வச்சிருக்கிற கேம்டனை 320க்கு வாங்குது. கல்லாவுல இருந்து பர்ஸுக்கு நேரா ஒரு குழாய்! விதிப்படி சரியானது, வெட்கப்படாதே. ஒரே எச்சரிக்கை: கல்லாவுல ரயில் வாங்கப் பணம் மிச்சம் இருக்கான்னு பார்த்துட்டுச் செய். ஏன்னு ஆறாவதுல சொல்றேன். முதல் 5-ரயில் விற்ற நிமிஷம் சின்னக் கம்பெனி எல்லாம் மூடிடும். 220 விலையுள்ளதை மட்டும் பெரிய கம்பெனிக்கு விற்க முடியாது.

4. பங்கு விலை எவ்வளவு வைக்கிறது?

கம்பெனி தொடங்குறவங்க 67, 71, 76, 82, 90, 100 இதுல ஒரு விலையை வைக்கணும். பத்துப் பங்குல ஆறு விற்றாத்தான் கம்பெனி ஓட ஆரம்பிக்கும். ஓட ஆரம்பிச்சா பத்துப் பங்கோட முழுப் பணமும் வங்கியில இருந்து கல்லாவுக்கு வரும்.

கணக்கைப் பாரு. 100னு வச்சா ஆறு பங்குக்கு 600 வேணும், கல்லாவுக்கு 1,000 வரும். 67னு வச்சா ஆறு பங்குக்கு 402 போதும், கல்லாவுக்கு 670 வரும். புது ஆளுங்க "மலிவா இருக்கே"ன்னு 67க்கு ஓடுவாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த 670ல 80 டாலர் ரயில் நாலு வாங்கினா 320 போச்சு. ஆத்தைத் தாண்டித் தண்டவாளம் போட 80, மலையில போட 120. மிச்சத்துல நல்ல ரயில் வாங்க முடியாது. தனியா நிக்கிறவங்களுக்கு 67, இல்லாட்டி 71. கூட ஒருத்தர் பங்கு வாங்குறேன்னு நிஜமாவே கையில பணத்தோட உட்கார்ந்திருந்தா 90, 100. "வாங்குறேன் அக்கா"ன்னு வாயால சொன்னதை நம்பி 100 வைக்காதே. ஆறு பங்கு விற்காத கம்பெனி அந்தச் சுற்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும், உன் பணமும் அதோட உட்கார்ந்திருக்கும்.

5. தண்டவாளம்: கார்டு லைன் புத்தியைக் கழட்டி வை

விழுப்புரத்துல இருந்து திருச்சிக்கு ரெண்டு வழி. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு ஊர் ஊரா வளைஞ்சு போற பழைய மெயின் லைன் ஒண்ணு. விருத்தாசலம், அரியலூர் வழியா நேரா இழுத்த கார்டு லைன் இன்னொண்ணு. 1929ல திறந்தாங்க. நமக்கு அரியலூர்ல ஏறிப் பழக்கம், அதனால குறுக்குப் பாதைதான் நல்ல பாதைன்னு மனசுல பதிஞ்சு போச்சு.

ஆனா இந்தப் பலகையில வேகத்துக்கு மதிப்பே இல்ல. 2-ரயில்னா ரெண்டு ஊர் வருமானம், 3-ரயில்னா மூணு ஊர், அவ்வளவுதான். எத்தனை கட்டம் ஓடிச்சுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அதனால பெரிய ஊரும் பெரிய ஊரும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற பாதையைப் பிடி. வழியில 10 டாலர் சின்ன ஊர் ஒண்ணு வந்தா எக்ஸ்பிரஸ் மாதிரி நிக்காமப் போக முடியாது. அதுவும் ஒரு ஊரா எண்ணிக்கையில போயிடும். 3-ரயிலை வச்சுக்கிட்டு ரெண்டு குட்டி ஊர்ல நின்னா உனக்கு என்ன மிஞ்சும்?

ஸ்டேஷன் வில்லையைச் சீக்கிரம் வை. முதல் வில்லை இலவசம், அடுத்தது 40, அதுக்கடுத்தது 100. ஊர்ல இருக்கிற இடமெல்லாம் மத்தவங்க வில்லையால நிரம்பிட்டா உன் ரயில் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. நாற்பது டாலரை மிச்சம் பிடிக்கிறேன்னு நல்ல ஊரை விட்டவங்க கடைசி வரைக்கும் முட்டுச்சந்துல ரயில் ஓட்டுவாங்க. இது பத்தலையா, சும்மா இருக்கும்போது எதிராளி பாதையில குறுக்கே ஒரு வளைவைப் போட்டு வை. அது கெட்ட குணம்தான், ஆனா வேலை செய்யும்.

6. ரயில் காயலான் கடைக்குப் போகும் நாள்

இதுதான் ஆட்டமே. நல்லா கேளு.

2-ரயில் ஆறு இருக்கு, விலை 80. 3-ரயில் அஞ்சு, 180. 4-ரயில் நாலு, 300. 5-ரயில் மூணு, 450. 6-ரயில் ரெண்டு, 630. அதுக்கப்புறம் டீசல், 1,100. யாராவது ஒருத்தர் முதல் 4-ரயில் வாங்கின நிமிஷமே பலகையில இருக்கிற அத்தனை 2-ரயிலும் காயலான் கடைக்கு. முதல் 6-ரயில் வந்தா 3-ரயில் எல்லாம் போச்சு. டீசல் வந்தா 4-ரயில் போச்சு. நஷ்டஈடு ஒரு பைசா கிடையாது. 5, 6, டீசல் மூணும்தான் கடைசி வரைக்கும் நிக்கும்.

நம்மூர்ல சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு விலை ஏறட்டும்னு காத்திருக்கிற மாதிரி ரயிலை வச்சுக் காத்திருக்காதே. பட்டறை வெங்காயமாவது கொஞ்சம் அழுகும், மிச்சத்தை விற்கலாம். பழைய ரயில் ஒரே நாள்ல பூஜ்யம்.

அதனால:

- விற்காம இருக்கிற ரயில் சீட்டை எண்ணிக்கிட்டே இரு. ஆறும் அஞ்சும் பதினொண்ணு. பதினொண்ணு போச்சுன்னா அடுத்தது 4-ரயில். போன்ல மணி பார்க்கிற மாதிரி அதைப் பாரு.
- 3-ரயில் ரெண்டுதான் மிச்சம், உன்கிட்ட இருக்கிறதெல்லாம் 2-ரயில். அப்ப லாபத்தைப் பிரிச்சுக் கொடுக்காதே, கல்லாவுல போடு.
- ஒரு கம்பெனி எத்தனை ரயில் வச்சுக்கலாம்னும் வரம்பு உண்டு. முதல்ல நாலு. 4-ரயில் வந்ததும் மூணு. 5-ரயில் வந்ததும் ரெண்டு. மீறினதைச் சும்மா திருப்பிக் கொடுக்கணும். ஆசைப்பட்டு அடுக்கி வைக்காதே.
- பாதை இருக்கிற கம்பெனிக்கு ரயில் கட்டாயம் இருக்கணும். கல்லாவுல பணம் இல்லாட்டி, தலைவர் தன் பர்ஸ்ல இருந்து போடணும். பர்ஸ்லயும் இல்லாட்டி பங்கை விற்கணும். அதுவும் பத்தாட்டி திவால், ஆட்டம் அங்கேயே முடிஞ்சுது. மூணாவதுல எச்சரிக்கை சொன்னேனே, இதுக்குத்தான். பர்ஸுக்கு 320 வந்துதுன்னு குதிச்சுட்டு, அடுத்த சுற்றுல அதே பர்ஸ்ல இருந்து 630 எடுத்து வைக்காதே.
- தப்பிக்க ஒரு வழி: ரெண்டாவது கம்பெனி ஒண்ணு தொடங்கு. புதுக் கல்லாவுல பணம் நிறைய இருக்கும். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு எந்த விலைக்கு வேணா ரயில் விற்கலாம், ஒரு டாலரா இருந்தாலும் சரி, கல்லாவையே வழிச்சுக் கொடுத்தாலும் சரி. புதுசு ரெண்டு 5-ரயில் வாங்கி ஒண்ணைப் பழசுக்குக் கொடுத்தா ரெண்டும் பிழைச்சுக்கும்.

மத்தவங்க ரயில் எல்லாம் பழசு, உன்னோடது நல்லது. அப்ப நீயே முந்திக்கிட்டு அடுத்த ரக ரயிலை வாங்கு. தேவையில்லைன்னாலும் வாங்கு. இதுல பாவம் பார்க்கிறவங்க எப்பவும் ரெண்டாவது இடம்தான்.

7. லாபத்தைப் பிரிக்கிறதா, வைக்கிறதா?

பிரிச்சா பங்கு விலை ஒரு கட்டம் ஏறும், பர்ஸுக்கும் பணம். 80 வருமானம்னா ஒரு பங்குக்கு 8, ஆறு பங்கு வச்சிருந்தா 48. வச்சுக்கிட்டா விலை ஒரு கட்டம் இறங்கும். பொதுவா பிரி. ரயில் வாங்கணும்னா மட்டும் வை. முதல் சுற்றுல ரயிலே இல்லாததால விலை இறங்கும், அதுக்குப் பதறாதே.

அந்தக் காலத்துல நிஜ ரயில் கம்பெனிக்காரங்களுக்கு இந்தக் கவலையே இல்ல. நாகப்பட்டினம்–திருச்சி பாதையைப் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. அந்த மாதிரிக் கம்பெனியில பணம் போட்ட லண்டன்காரருக்கு நூத்துக்கு 5 உத்தரவாதம். வண்டியில ஆள் ஏறினாலும் சரி, ஏறாட்டியும் சரி, குறைஞ்சதை இங்க வசூலான வரிப்பணத்துல இருந்து கட்டிக் கொடுத்தாங்க. கேட்டா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. பலகையில அந்தச் சலுகை இல்லாததால ஆட்டம் அதைவிட நியாயமா இருக்கு.

8. யாராவது சிரிச்சுக்கிட்டே பங்கு விற்றா

ஒரு பங்கு விற்றா விலை ஒரு கட்டம் இறங்கும். தலைவரைவிட வேற ஒருத்தர்கிட்ட அதிகப் பங்கு இருந்தா தலைவர் பதவி அவங்களுக்குப் போயிடும். இந்த ரெண்டையும் சேர்த்துப் பாரு. கல்லாவைக் காலி பண்ணிட்டு, நல்ல ரயிலை வேற கம்பெனிக்கு மாத்திட்டு, தன் பங்கை மடமடன்னு விற்கிறான் ஒருத்தன். நீ பாவம், அந்தக் கம்பெனியில ரெண்டு மூணு பங்கு வச்சிருக்கே. இப்ப நீதான் தலைவர். ரயில் இல்ல, கல்லாவுல காசு இல்ல, 630 டாலர் ரயிலை நீ உன் பர்ஸ்ல இருந்து வாங்கணும்.

தடுக்கிற வழி ஒண்ணுதான்: மத்தவங்க கம்பெனியில ரெண்டாவது பங்கை வாங்கும் முன்னாடி அதோட கல்லாவையும் ரயிலையும் எட்டிப் பாரு. ஒரு பங்கோட நின்னா உன் தலையில கட்ட முடியாது, பதவியை வாங்கிக்கிறவங்ககிட்ட குறைஞ்சது ரெண்டு பங்கு இருக்கணும். சந்தேகம் வந்தா அவனுக்கு முன்னாடி நீ விற்றுடு. பங்குச் சுற்றுல யார் முதல்ல ஆடுறாங்கங்கிறது இதனாலதான் முக்கியம். கடைசியா வாங்கினவங்க, விற்றவங்களுக்கு அடுத்து இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் அடுத்த சுற்றுல முதல் வாய்ப்பு.

இதெல்லாம் விளையாட்டுக்காகக் கட்டினதுன்னு நினைக்காதே. பலகையில ஈரின்னு ஒரு கம்பெனி இருக்கு பாரு. 1868ல அதை வாண்டர்பில்ட்ங்கிற பெரும் பணக்காரர் பங்கு வாங்கியே பிடிக்கப் பார்த்தார். உள்ள இருந்த டேனியல் ட்ரூவும் ஜே குல்டும் ஜிம் ஃபிஸ்க்கும் புதுசு புதுசா பங்கை அச்சடிச்சு அவர்கிட்டயே விற்றுட்டு, பணத்தோட நியூயார்க்கைத் தாண்டி ஜெர்சி சிட்டிக்கு ஓடிட்டாங்க. உன் சித்தப்பா பையன் அவ்வளவு மோசம் இல்ல.

9. சில்லறை

- ஆளுக்கு இத்தனை சீட்டுன்னு வரம்பு இருக்கு. நாலு பேர்னா 16. சின்னக் கம்பெனியும் அதுல ஒரு சீட்டு. அதைச் சீக்கிரம் பெரிய கம்பெனிக்குத் தள்ளிவிட இன்னொரு காரணம்.
- ஒரே கம்பெனியில ஆறு பங்கு வரைக்கும்தான் வச்சுக்கலாம். மீதிப் பணத்தை ஒழுங்கா ஓட்டுற ஆளோட கம்பெனியில போடு. எதிராளியாச்சேன்னு ரோஷம் பார்க்காதே.
- யோசிக்கிறதை உன் முறை வரும் முன்னாடியே முடி. முறை வந்த பிறகு மோட்டுவளையைப் பார்க்கிறவங்களுக்கு அடுத்த தடவை அழைப்பு கிடையாது.
- அண்ணன் தம்பி வெளியூர்ல இருந்தா இணையத்துல ஆடலாம். அங்க கணக்கை அதுவே போட்டுடும், ஒரு நாளைக்கு ரெண்டு முறை ஆடினாலும் போதும். வேலைக்குப் போறவங்களுக்கு அதுதான் தோது.

10. முடிக்கும்போது

வங்கிப் பணம் தீரப்போற அறிகுறி தெரிஞ்சதும் கல்லாவுக்குச் சேர்க்கிறதை நிறுத்து. வர்ற வருமானம் அத்தனையும் பிரி. வங்கி காலியானாலும் நடந்துக்கிட்டிருக்கிற ரயில் சுற்றுத் தொகுதி முடியுற வரைக்கும் ஆட்டம் ஓடும். பத்தாத பணத்தைத் தாள்ல எழுதி வச்சுக்கோ. கடைசியில ஆளுக்கு ஆள் பர்ஸ் எவ்வளவு, பங்கு எவ்வளவுன்னு இன்னொருத்தரை எண்ணச் சொல்லு. தன்னோடதைத் தானே எண்ணினா சத்தம் வரும்.

ரெண்டு மூணு ஆட்டம் ஆடிக் கை தெளிஞ்சதும் ட்ரெஷாமோட 1853ஐத் தேடிப் பிடி. அது நம்ம நாட்டு வரைபடம், அகலப் பாதை, மீட்டர் பாதை ரெண்டும் இருக்கு. போரி பந்தர்ல இருந்து தானேக்கு 1853 ஏப்ரல் 16ல ஓடின நம்ம நாட்டு முதல் பயணிகள் வண்டியை வச்சு வந்த பேரு. பங்குச் சூதாட்டம் அதுல கம்மி, பாதை போடுற வேலை அதிகம். 1830ல திவாலாகி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளை மறுபடி பாய்க்குக் கூட்டிட்டு வர அதுதான் சரி.